செய்மதி சொல்லும் இடத்தை வாசிப்பது எப்படி?

(எமது சங்க மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

 

"பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக ஏதாவது கதை, ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேலே போகாதே" என்று சொல்லித்தான் என்னை இங்கே ஏத்தி விட்டிருக்கினம். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஊரிலே உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதினதோடு வெளிக்கிட்டவன். இங்கே பலெர்மோவில் தொழிற்சாலையில் வேலை. குளிரூட்டிய லொறிகள் வந்து பொருள் இறக்குகிற வாசலில் நிற்கிறேன். எந்த லொறி எங்கே வருகிறது என்று சுவரில் ஒரு திரை காட்டும். ஒருநாள் அந்தத் திரையில் ஒரு லொறி தெர்மினி இமெரேசேப் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலமாக அசையாமல் நிற்கிறது. மேற்பார்வையாளர் சாரதியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சாரதியோ எங்கட படலைக்கு வெளியே நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறார்! லொறியில் இருந்த கருவி வழியிலேயே செய்மதியை விட்டுவிட்டது. திரையில் நின்றது பழைய புள்ளி. அது பழசு என்று அந்த மென்பொருள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிடித்த ஆர்வம்தான் இது. யூ.எஸ்.பி.யில் செருகுகிற ஒரு சின்ன ஜீ.பி.எஸ். வாங்கியை மலிவு விலைக்கு வாங்கி, என்னுடைய பழைய மடிக்கணனியில் போட்டு, அது என்னதான் சொல்லுகிறது என்று வேலை முடிந்து வந்து பார்க்கத் தொடங்கினேன். உங்கள் எல்லோருடைய போனிலும் நீலப் புள்ளி ஒன்று இருக்கிறது. அதுக்குப் பின்னாலே ஓடுகிற எழுத்தைத்தான் இன்றைக்கு வாசிக்கப் போகிறோம். புள்ளி பொய் சொல்லாது என்று நினைத்து அதை இன்னொருத்தருக்கு அனுப்புகிறோம். அனுப்புவதற்கு முன் மூன்று விஷயம் பார்க்கவேண்டும்: எப்போது எடுத்த இடம், எந்த முறையில் எழுதிய இடம், எவ்வளவு நம்பலாம். என்னுடைய பேச்சு இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

இது விளையாட்டு விஷயம் இல்லை என்பதற்கு இந்தத் தீவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1996ஆம் ஆண்டு நத்தார் இரவு, டிசம்பர் 25க்கும் 26க்கும் இடையில், சிசிலியின் தென்கிழக்கு மூலையில் போர்த்தோபாலோவுக்கு வெளியே, எஃப் 174 என்ற சின்னப் படகு தாண்டு போனது. பெரிய கப்பலில் இருந்து ஆக்களை அந்தப் படகுக்கு இறக்கியிருந்தார்கள். இறந்தவர்கள் குறைந்தது 283 பேர். இந்தியர், பாகிஸ்தானியர், எங்கட இலங்கைத் தமிழ்ப் பெடியள். தப்பினவர்கள் கிரேக்கத்தில் கரையிறக்கப்பட்டு அங்கே பொலிசுக்குச் சொன்னார்கள். சடலமும் இல்லை, படகும் இல்லை, அப்படியொரு விபத்து நடந்ததா என்றே சந்தேகப்பட்டார்கள். ஆனால் போர்த்தோபாலோ மீனவர்களின் வலையில் சடலங்கள் வந்துகொண்டிருந்தன. பிரச்சினை வரும் என்று பயந்து திரும்பக் கடலிலேயே போட்டார்கள். இப்படி நாலு வருடத்துக்கு மேல் போனது.

2001இல் ஒரு மீனவரின் வலையில் உடுப்போடு சேர்ந்து ஒரு அடையாள அட்டை வந்தது. 17 வயதுத் தமிழ்ப் பெடியன் ஒருவனின் அட்டை. அந்த மீனவர் வாய் திறந்தார். வலை மாட்டுகிற இடம் இது என்று சொன்னார். லா ரெப்புப்ளிக்கா பத்திரிகையின் யோவான்னி மரியா பெல்லு என்ற செய்தியாளர், அந்த இடத்துக்கு 2001 யூன் மாதம் கடலுக்கு அடியில் ஓடுகிற கமராவைக் கொண்டுபோய் இறக்கினார். 108 மீற்றர் ஆழத்தில் படகு கிடந்தது. வடக்கு 36 பாகை 25 கலை 31 விகலை, கிழக்கு 14 பாகை 54 கலை 34 விகலை. கரையிலிருந்து 19 கடல்மைல். நாலரை வருடமாகக் கதை என்று தள்ளி வைத்த விஷயம், இந்த இரண்டு இலக்கம் வந்த பிறகு கதை இல்லை என்று ஆகிவிட்டது. படகை மேலே எடுக்கவேண்டும் என்று இத்தாலியின் நோபல் பரிசு பெற்றவர்கள் நாலுபேர் சேர்ந்து கேட்டார்கள். எடுக்கவில்லை.

இப்போது அந்த இலக்கத்தையே எடுத்து ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. இங்கே ஆக்கள் கலையை நிமிடம் என்றும் விகலையை செக்கன் என்றும் சொல்லுவினம், மணிக்கூட்டு நிமிடத்தோடு குழப்பாதேங்கோ. 31ஐ 60ஆல் பிரித்து, வந்ததை 25ஓடு கூட்டி, திரும்ப 60ஆல் பிரித்தால், 36.4253 பாகை வரும். கிழக்குப் பக்கம் 14.9094. போனிலே வரைபடத்தில் போட வேண்டியது இதைத்தான். ஆனால் அவசரத்தில் ஒருத்தர் 36, 25, 31 என்று கேட்டதை 36.2531 என்று தட்டினால் என்ன நடக்கும்? 14.5434 என்று தட்டினால்? புள்ளி கிட்டத்தட்ட 38 கிலோமீற்றர் விலகி, மால்ற்றாவுக்கு வடக்கே போய் விழும். கமரா அங்கே இறங்கியிருந்தால் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கும். "பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று எழுதியும் முடிந்திருக்கும்.

இனி வாங்கிக்கு வருவோம். வாங்கி என்றால் கதிரை வாங்கு இல்லை, செய்மதியின் சமிக்ஞையை வாங்குகிற கருவி. கணனியில் செருகினால் அது ஒரு செக்கனுக்கு ஒரு தடவை சில வரிகளைத் துப்பும். கடல் இலத்திரனியல் ஆக்களுடைய ஒரு அமெரிக்கச் சங்கம் 1983இல் கொண்டுவந்த முறை இது. அதன் பெயரை என்.எம்.ஈ.ஏ. 0183 என்பார்கள். படகில் இருக்கிற ஆழமானி, திசைகாட்டி, ஜீ.பி.எஸ். எல்லாம் ஒன்றோடொன்று கதைப்பதற்கு வைத்த மொழி. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் கடைசியாக வந்த வாங்கியும் இதைத்தான் பேசுகிறது. ஒரு வரி இப்படி இருக்கும். திரையில் ஆங்கில எழுத்தில் வரும், நான் இங்கே தமிழில் மாற்றித் தருகிறேன்:

$ஜீபீஜீஜீஏ,063015.00,3806.8580,வ,01321.3660,கி,1,09,0.9,...

பார்க்கப் பயமாக இருக்கும். காற்புள்ளியில் காற்புள்ளியில் வெட்டினால் பயம் போய்விடும். முதலாவது துண்டு, இது எந்தவகை வரி என்று சொல்லுகிற பெயர். இரண்டாவது நேரம்: 06 மணி 30 நிமிடம் 15 செக்கன். இது இத்தாலி நேரம் இல்லை, உலகப் பொது நேரம். கோடைகாலத்தில் இங்கே இரண்டு மணித்தியாலம் கூட்டவேண்டும், காலை எட்டரை. ஊரிலே ஐந்தரை கூட்டவேண்டும், அங்கே சரியாக மத்தியானம் பன்னிரண்டு.

மூன்றாவது துண்டில்தான் கனபேர் வழுக்குகிறது. 3806.8580 என்பது 38.068580 பாகை இல்லை. முதல் இரண்டு இலக்கம் பாகை, 38. மிச்சம் முழுக்கக் கலை, 06.8580. அதை 60ஆல் பிரித்து 38ஓடு கூட்டினால் 38.1143. கிழக்குக்கு மட்டும் பாகை மூன்று இலக்கம்: 013 பாகை, 21.3660 கலை, அதாவது 13.3561. இந்த இடம் எது தெரியுமா? எங்கட பலெர்மோப் பேராலயம். கலையைக் கவனிக்காமல் புள்ளியை மட்டும் தள்ளிப் போட்டு எழுதின செயலி, அதே பேராலயத்தை மொன்ரியாலேக்கும் அப்பால் மலைக்குள் 13 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கும். அதுவும் எப்போதும் ஒரே அளவு பிழைக்காது. கலை பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கிற ஊரில் பிழை சின்னது, 59க்குக் கிட்ட இருக்கிற ஊரில் பெரியது. ஒரு ஊரில் பரிசோதித்துவிட்டு "சரியாகத்தானே காட்டுது" என்று விட்டுவிட ஏலாது.

அடுத்த '1' என்பது சின்ன இலக்கம், ஆனால் வரியிலேயே முக்கியமானது. 0 என்றால் இடம் பிடிபடவில்லை. 1 என்றால் பிடிபட்டது. 2 என்றால் திருத்தத் தகவலோடு பிடிபட்டது. அதற்குப் பக்கத்தில் 09, ஒன்பது செய்மதிகளைப் பாவித்திருக்கிறது. 0.9 என்பது செய்மதிகள் வானத்தில் எப்படிப் பரவி நிற்கின்றன என்பதன் அளவு. எல்லாம் ஒரு பக்கத்தில் குவிந்து நின்றால் இலக்கம் ஏறும், இடம் பிசகும். ஒன்று, இரண்டு நல்லது. ஐந்துக்கு மேலே போனால் நான் நம்பமாட்டேன்.

இன்னொரு வரியும் வரும், அதன் பெயர் ஆர்.எம்.சி. என்று முடியும். அதிலே திகதியும் வேகமும் இருக்கும். வேகம் கடல்மைல் கணக்கில், நொட் என்பார்கள், 1.852ஆல் பெருக்கினால் கிலோமீற்றர். அந்த வரியில் 'ஏ' என்ற எழுத்து வந்தால் தகவல் செல்லும், 'வீ' வந்தால் செல்லாது. எங்கட வாசல் திரையை எழுதினவர் அந்த ஒரு எழுத்தைப் பார்த்திருந்தால் சாரதி திட்டு வாங்கியிருக்கமாட்டார்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. எங்கட ஆக்கள் சைவம், வேதம் என்று பாராமல் நடந்து ஏறுகிற சாந்தா ரோசாலியா கோயில். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஏறும்போது போனைக் கையில் வைத்திருங்கோ. வெளி வானம், கடல் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. இடம் இரண்டு மூன்று மீற்றர் துல்லியத்தில் ஓடும். கோயிலுக்குள்ளே போனால் அது குகை. மாதாவுக்குக் கிட்டப் போகப் போக செய்மதி ஒவ்வொன்றாக விழுந்து, 09 என்று இருந்தது 05, 03 என்று இறங்கி, 1 என்று இருந்தது 0 ஆகும். வரைபடத்தில் நீலப் புள்ளி மட்டும் வாசலிலேயே நிற்கும், அசையாது. நல்ல செயலி என்றால் புள்ளியைச் சாம்பல் நிறமாக்கும். இல்லாவிட்டால் நீங்கள் உள்ளே நிற்கிறீர்களா, வெளியே கடலை வாங்கிச் சாப்பிடுகிறீர்களா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

பல்லாறோச் சந்தை ஒழுங்கைகளில் வேறு கோளாறு. அங்கே செய்மதி முழுக்க மறையாது. உயர்ந்த சுவர்களில் பட்டுத் தெறித்து வருகிற சமிக்ஞை, நேராக வருவதைவிடக் கொஞ்சம் பிந்தி வரும். கருவி அதை நேராக வந்தது என்று நினைத்துக்கொள்ளும். அதனால் நீங்கள் மீன்கடைக்கு முன்னால் நிற்க, புள்ளி அடுத்த ஒழுங்கையில் பாய்ந்து நிற்கும்.

பிந்தி வந்தால் ஏன் இடம் பிழைக்கிறது என்று கேட்பீர்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனியுங்கோ. செய்மதி 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. அது உங்களுக்கு இடத்தைச் சொல்வதே இல்லை. "நான் இங்கே நிற்கிறேன், இப்போது நேரம் இது" என்று மட்டும் சொல்லுகிறது. அந்தச் சொல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். செக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் 300 மீற்றர் பிழை. செய்மதியில் அணுக் கடிகாரம் இருக்கிறது, உங்கட போனில் மலிவுக் கடிகாரம். ஆகவே தெரியாதவை நாலு: இடத்துக்கு மூன்று, உங்கட கடிகாரத்தின் பிழைக்கு ஒன்று. நாலு மாறிக்கு நாலு சமன்பாடு வேண்டும், அதனால்தான் நாலு செய்மதி. ஒன்பது செய்மதி கிடைத்தால் ஒன்பது சமன்பாடு, ஒன்றும் ஒன்றும் சரியாகப் பொருந்தாது. எல்லாவற்றோடும் உள்ள பிழைகளை வர்க்கித்துக் கூட்டினால் எது ஆகக் குறைவோ அதை இடமாக எடுக்கும். இழிவு வர்க்க முறை.

இந்த முறையின் கதையில் எங்கட பலெர்மோவுக்கும் பங்கிருக்கிறது. பேராலயத்துக்கு மேலே இருக்கிற நோர்மன் அரண்மனைக் கோபுரத்தில் ஒரு வான் நோக்கு நிலையம் உண்டு. 1801 சனவரி முதலாந் திகதி இரவு, யூசெப்பே பியாற்சி என்ற பாதிரியார் அங்கிருந்து ஒரு புது வான்பொருளைக் கண்டார். சிசிலியின் பழைய தானியத் தெய்வத்தின் பெயரால் அதற்கு செரெஸ் என்று பெயர் வைத்தார். பெப்ரவரி 11 வரை 24 இரவு அதன் இடத்தை நேரத்தோடு குறித்து வைத்தார். பிறகு அது சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்து போனது. அந்தக் கொஞ்சக் குறிப்பை வைத்து, 24 வயது ஜேர்மன்காரன் காவுஸ் அது எங்கே திரும்ப வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த வருடம் டிசம்பர் கடைசியில் சொன்ன இடத்துக்குக் கிட்டவே கண்டுபிடித்தார்கள். காவுஸ்தான் 1809இல் இழிவு வர்க்க முறையைத் தன் புத்தகத்தில் வெளியிட்டவர். பியாற்சி நேரத்தை எழுதாமல் இடத்தை மட்டும் எழுதியிருந்தால் காவுசாலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது. பேராலயத்துக்குள் நிலத்தில் பதித்திருக்கிற பித்தளைக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். மத்தியானச் சூரியன் வந்து விழுகிற அந்தக் கோடும் அதே பியாற்சி 1801இல் போட்டதுதான். அடுத்தமுறை போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ, காசு இல்லை.

இனி, மென்பொருள் எழுத ஆசைப்படுகிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம். மற்றவர்கள் இந்த இடத்தில் தேத்தண்ணி குடிக்கலாம். வாங்கி கணனிக்கு ஒரு தொடர் வாயிலாகத் தோன்றும். பழைய கருவிகள் 4800 வேகத்தில் பேசும், புதியவை 9600 அல்லது அதற்கு மேலே. வேகம் பொருந்தாவிட்டால் திரையில் குப்பை எழுத்து வரும், கருவி பழுது என்று எறிந்துவிடாதேங்கோ. வரி முழுதாக வரும்வரை பொறுத்திருந்து வாசிக்கவேண்டும். பாதி வரியை வெட்டினால் 3806 என்பது 380 என்று வந்து நிற்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்தும் வரும். கடைக்காரர் துண்டில் அடியில் கூட்டுத்தொகை போடுவதுபோல, வரியில் உள்ள எழுத்தெல்லாம் சேர்ந்து வருகிற சரிபார்ப்பு இலக்கம் அது. நீங்களும் கணக்குப் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அந்த வரியைப் பேசாமல் விட்டுவிடவேண்டும். அடுத்த செக்கன் இன்னொன்று வரும்தானே.

வரியின் பெயர் எப்போதும் 'ஜீபீ' என்று தொடங்கும் என்று எழுதிவைத்தால் புது வாங்கிகளில் உங்கட செயலி ஊமையாக நிற்கும். 'ஜீபீ' அமெரிக்க ஜீ.பி.எஸ். மட்டும். ஐரோப்பாவின் கலிலேயோவுக்கு வேறு எழுத்து, ரஷ்யாவின் குளோனாசுக்கு வேறு, எல்லாம் கலந்து கணித்தால் 'ஜீஎன்'. கடைசி மூன்று எழுத்தை மட்டும் பாருங்கோ. கலிலேயோ 2016 டிசம்பரில் சேவைக்கு வந்தது, அதன் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்று இத்தாலியிலேயே, ஃபூச்சினோவில் இருக்கிறது. இன்னொன்று, பழைய சாமான் சந்தையில் வாங்குகிற வாங்கிகள் இடத்தைச் சரியாகச் சொல்லி, திகதியை இருபது வருடம் பின்னுக்குச் சொல்லலாம். ஜீ.பி.எஸ். கிழமைகளை 1,024 வரை எண்ணிவிட்டுத் திரும்பப் பூச்சியத்தில் தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது.

உயரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. வரியின் பிற்பகுதியில் உயரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இலக்கம் வரும். கருவி கணிக்கிறது வழுவழுப்பான ஒரு கணிதப் பூமியை வைத்து. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்பு விசை கூடிக் குறைகிற இடங்களில் அதற்கு மேலேயும் கீழேயும் போகும். அந்த வித்தியாசம்தான் இந்த இலக்கம். பலெர்மோவில் அது சக 40க்கு மேலே. எங்கட யாழ்ப்பாணப் பக்கம் சய 90 அளவில்! உலகத்திலேயே ஆக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், 106 மீற்றர் அளவில் கிடக்கிறது. இந்தத் திருத்தம் செய்யாத உயரத்தை உங்கட செயலி எடுத்தால், பருத்தித்துறைக் கடற்கரையில் நிற்கிறவரைக் கடலுக்குக் கீழே நிற்பதாகச் சொல்லும்.

போனுக்கு வருவோம், அதுதான் எல்லாரிடமும் இருக்கிறது. அன்ட்ரொயிட் போனில் நான் சொன்ன வரிகளை அப்படியே காட்டுகிற இலவசச் செயலிகள் உண்டு. ஐபோன் உள்ளே ஓடுகிற வரியை வெளியே விடாது, முடிந்த விடையை மட்டும் தரும். இரண்டிலும் ஒரு செயலி இடம் கேட்டால் போன் உடனே கொடுப்பது, கடைசியாகத் தெரிந்த பழைய இடமாக இருக்கலாம். நேரத்தையும் சேர்த்துத் தரும், செயலி எழுதினவர் பார்க்கவேண்டும். புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் வருகிறதே, அதுக்குள்ளேதான் கட்டாயம் நிற்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. அன்ட்ரொயிட் கணக்கில் அது 68 வீத நிச்சயம்தான். மூன்று தடவையில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியே நிற்கலாம். வாட்ஸ்அப்பில் நேரலை இடம் அனுப்பும்போதும் கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று கீழே போட்டிருக்கும். மகள் வேலை முடிந்து வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாமார், புள்ளி நிற்கிறது என்று பதறுவதற்கு முதல் அந்த நேரத்தைப் பாருங்கோ.

யாருக்காவது விபத்து என்றால் 112. அந்தச் சேவைக்கென்று 'வெயார் ஆர் யூ' என்ற செயலி இருக்கிறது. அழைக்கிறபோதே இடத்தையும் அனுப்பும். மொழி தடுமாறுகிற எங்கட ஆக்களுக்கு மிகவும் உதவி. அது இல்லாவிட்டால் வாயால் சொல்லவேண்டி வரும். அப்போது "முப்பத்தெட்டு புள்ளி ஒன்று ஒன்று நாலு மூன்று, பாகை" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி, எந்த முறை என்பதையும் சொல்லுங்கோ. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ.

இந்தக் கடலில் இன்றைக்கும் படகுகள் வருகின்றன. 2014 ஒக்டோபரில் இருந்து அலார்ம் போன் என்ற தொண்டர் குழு இரவு பகலாகத் தொலைபேசி எடுக்கிறது. படகில் இருக்கிறவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தால் அதன் திரையிலேயே இடம் தெரியும். அதை வாசித்துச் சொல்லச் சொல்லுவார்கள். ஒருதரம் கேட்டதோடு விடமாட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அலைகிற படகு ஒரு இடத்தில் நிற்காது. நேரத்தோடு இரண்டு இடம் கிடைத்தால் படகு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரியும். மூன்று நொட் வேகத்தில் இழுபடுகிற படகு இரண்டு மணித்தியாலத்தில் பதினொரு கிலோமீற்றர் போய்விடும். நேரம் சொல்லாத இடத்துக்குத் தேடிப் போகிறவர் வெறும் தண்ணியைத்தான் பார்ப்பார். 1996இல் அந்தப் படகில் இருந்தவர்களிடம் வாசிக்கக் கருவியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

போன கூட்டத்தில் ஒரு ஐயா சொன்னார், "தம்பி, இடத்தைச் சொன்னால் அழிவுதான் வரும்" என்று. அவரைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. 2009 தை மாதம் வன்னியில் சுதந்திரபுரத்தில் ஐ.நா. பணியாளர்கள் தாங்கள் நின்ற இடத்தின் இலக்கங்களைப் படைத்தலைமைக்கு அறிவித்திருந்தார்கள். அங்கேயும் எறிகணை வந்து விழுந்தது. இருக்கிற இடம் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் வன்னியின் எல்லா வைத்தியசாலைகளும் தாக்கப்பட்டன என்று 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை சொல்லுகிறது. அங்கே இலக்கத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. போய்ச் சேர்ந்த கையில்தான் இருந்தது. அதனால் ஐயாவுக்கு நான் சொல்லுகிற பதில்: யாருக்குக் கொடுக்கிறோம், எவ்வளவு நேரத்துக்குக் கொடுக்கிறோம் என்பது எங்கட கையில் இருக்கவேண்டும். வாட்ஸ்அப் 15 நிமிடம், ஒரு மணித்தியாலம், எட்டு மணித்தியாலம் என்று மூன்று தெரிவு தருகிறது. வேலைக்குப் போகிற பாதைக்கு ஒரு மணித்தியாலம் காணும். ஒரு மின்விளக்குச் செயலிக்கு உங்கட இடம் எதற்கு? போனின் அமைப்புக்குள் போய், எந்தெந்தச் செயலிக்கு இட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருக்கால் பாருங்கோ. எங்கட வீட்டில் பார்த்தபோது பதினேழு இருந்தது.

செய்மதிச் சமிக்ஞையைக் குழப்புகிறவர்களும் இருக்கிறார்கள். 2024இல் கிழக்கு மத்தியதரைக் கடற்பக்கம் போன விமானங்களும் போன்களும் தாங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. செய்மதி எண்ணிக்கை, தரம் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும், இடம் மட்டும் பொய். அதைச் செயலியால் கண்டுபிடிக்கச் சுகமில்லை. வேகத்தைப் பார்க்கலாம். ஒரு செக்கனில் இருநூறு கிலோமீற்றர் தாவின புள்ளியை நம்பவேண்டாம் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம்.

அரை மணித்தியாலம் முடிந்துவிட்டது, செயலாளர் அண்ணை மணிக்கூட்டைக் காட்டுகிறார். என்னுடைய வாங்கியையும் மடிக்கணனியையும் பின்முற்றத்தில் மேசையில் வைத்திருக்கிறேன். மண்டபத்துக்குள்ளே கூரை மறைக்கும், அங்கேதான் வானம் தெரிகிறது. ஐந்தைந்து பேராக வாருங்கோ. பேராலயத்தின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் திரையில் வருகிற வரியைப் பார்த்து நாங்கள் நிற்கிற இடத்தைக் கையால் கணக்குப் போட்டு, அதன் பிறகு போனில் போட்டுச் சரிபார்ப்போம். பிள்ளைகள் கல்குலேட்டர் கொண்டு வரவேண்டாம், ஒரு பென்சில் காணும்.